பால் கணக்கு நோட்டும் போடாத வழக்கும்

"அவ பேர்ல கேஸ் போடணும் வக்கீலம்மா. எவ்வளவு செலவானாலும் சரி."

அரசலாற்றங்கரையில் ஒரு கிராமம். அங்கிருந்து தம்பியோடு வந்திருந்த அந்தப் பெண், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொன்ன வார்த்தை இது. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். இரண்டு பிள்ளைகள், இரண்டு கறவை மாடுகள். கணவருக்கு மூன்று ஏக்கர் நஞ்சை, கும்பகோணம் போகிற சாலையில் ஒரு உரக்கடை. "அவ" என்றது அந்தக் கடையில் கணக்கு எழுதும் பெண்ணை. தம்பி தன் போனை என் முன்னால் நீட்டினார். கணவரோடு பழகும் பெண்மீது மனைவி நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் சொன்னதாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த செய்தி அது.

அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு அதன் பிறகும் நாலைந்து பேர் என்னிடம் வந்துவிட்டார்கள். அதனால்தான் இந்த ஒரு வழக்கை முழுதாக எழுதுகிறேன். அவருடைய சம்மதம் வாங்கியாயிற்று. ஊரும் ஆட்களும் அடையாளம் தெரியாதபடி மாற்றப்பட்டிருக்கிறார்கள். சட்டம் சம்பந்தப்பட்ட எதையும் மாற்றவில்லை.

அந்த உத்தரவு சொன்னதும் சொல்லாததும்

டெல்லி வழக்கில் ஒரு மனைவி, தன் கணவரையும் அவருடைய தொழிலில் வந்து சேர்ந்த இன்னொரு பெண்ணையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்து இழப்பீடு கேட்டிருந்தார். இது குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய விஷயம், இங்கே நிற்காது என்பது எதிர்த்தரப்பு வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மூன்றாம் நபர் செய்த தீங்குக்கு ஈடு கேட்பது உரிமையியல் வழக்கு, அதை உரிமையியல் நீதிமன்றமே விசாரிக்கலாம் என்று சொல்லி சம்மன் அனுப்ப உத்தரவிட்டது. அவ்வளவுதான். யாரும் ஜெயிக்கவில்லை, யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்கச் சொல்லவில்லை. உள்ளே வந்து நிரூபித்துக்கொள் என்றார்கள்.

நிரூபிக்க வேண்டியது என்ன என்பதையும் அந்த உத்தரவே சொல்கிறது. மூன்றாம் நபர் அந்தத் திருமணத்தைப் பிரிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு தவறான காரியம் செய்திருக்க வேண்டும். அந்தக் காரியத்தால்தான் பிரிவு வந்தது என்று காட்ட வேண்டும். ஏற்பட்ட இழப்பு நியாயமாகக் கணக்கிடக் கூடியதாக இருக்க வேண்டும். கணவரோ மனைவியோ யாரும் தூண்டாமல் தன் இஷ்டத்துக்கு விலகிப் போயிருந்தால் மூன்றாம் நபரைப் பிடிக்க முடியாது.

இதற்கென்று எழுதிவைத்த சட்டப் பிரிவு நம் நாட்டில் கிடையாது. 2013-ல் குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், கணவன் மனைவிக்கு இடையிலான அன்பை வேண்டுமென்றே பிரிப்பது ஒரு தீங்குதான், அதற்கு ஈடு கேட்கும் கோட்பாடு உண்டு என்று பேசியது. ஆனால் அது ஒரு குற்ற வழக்கு. அதில் கணவர் விடுதலையானார். அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது டெல்லி வழக்கு நடக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது தஞ்சாவூர் ஜில்லா கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. எடுத்துக் காட்டலாம், நீதிபதி ஏற்றால் உண்டு.

அந்தப் பெண்ணின் ஆத்திரத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதையும் சொல்ல வேண்டும். மனைவி என்ற இடத்தில் நிற்பவருக்கு மூன்றாம் நபரைக் கேள்வி கேட்கச் சட்டத்தில் ஒரு பிடியும் இருந்ததில்லை. இந்திய தண்டனைச் சட்டம் 497-ஆம் பிரிவு இருந்த காலத்தில், இன்னொருவர் மனைவியோடு உறவு வைத்த ஆண்மீது அவள் கணவன்தான் புகார் கொடுக்க முடியும். தன் கணவனோடு இருக்கும் பெண்மீது மனைவி அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. 2018 செப்டம்பர் 27 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தப் பிரிவையே செல்லாது என்று சொல்லிவிட்டது. சரியான தீர்ப்பு, எனக்கு அதில் வருத்தமில்லை. வரதட்சணைக் கொடுமை வழக்கில் எல்லோரும் எடுத்த பழைய 498-ஏ பிரிவிலாவது சேர்க்கலாமா என்றால், கணவனின் காதலி 'உறவினர்' ஆகமாட்டார் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. அது நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 84-ஆம் பிரிவு இருக்கிறது. அதுவும் மணமான பெண்ணைக் கெட்ட எண்ணத்தோடு மயக்கி அழைத்துப் போவதைப் பற்றித்தான். மணமான ஆணை அழைத்துப் போவது பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என் கட்சிக்காரரான அந்தப் பெண்ணின் அம்மா ஒருநாள் அவரோடு வந்திருந்தார். "எங்க காலத்துல பஞ்சாயத்துல நிக்க வச்சுத் தெண்டம் போட்டிருப்பாங்க" என்றார். பஞ்சாயத்துத் தெண்டம் மாதிரியே ஒன்று காகிதச் சட்டத்திலும் இருந்தது. 1869-ஆம் வருஷத்து இந்திய விவாகரத்துச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு அது. கிறிஸ்தவக் கணவர், தன் மனைவியோடு உறவு வைத்த ஆணிடம் நஷ்டஈடு கேட்கலாம். தரங்கம்பாடியிலும் வேளாங்கண்ணியிலும் இருக்கிற ஒரு கிறிஸ்தவருக்கு அந்த உரிமை காகிதத்தில் 2001 வரை இருந்தது. அந்த வருஷத் திருத்தத்தில்தான் எடுத்தார்கள். கணவனுக்கு மட்டும், மனைவிக்கு இல்லை. மனைவியைக் கணவனுடைய உடைமையாகப் பார்த்த இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்த வாரிசு அது. இங்கிலாந்திலேயே இந்த வகை வழக்குகளை 1970-ல் ஒழித்துவிட்டார்கள். அமெரிக்காவில் வட கரோலினா போன்ற சில மாநிலங்களில் இன்னும் நடக்கிறது, அங்கே கணவன் மனைவி இருவருமே போடலாம்.

பேனா கட்டிய நோட்டு

குடும்ப வழக்கு எது வந்தாலும், பிராது எழுத உட்காருவதற்கு முன் கட்சிக்காரர் கையாலேயே நடந்ததை நாள்வாரியாக எழுதி வாங்கிவிடுவது என் வழக்கம். அவரிடமும் கேட்டேன்.

"எனக்குத் தேதியெல்லாம் ஞாபகம் இல்லீங்க."

"தேதி வேண்டாம்மா. அப்ப ஊர்ல, வயல்ல என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க. தேதியை நான் கண்டுபிடிச்சுக்கிறேன்."

ஒரு வாரம் கழித்து ஒரு நூறு பக்க நோட்டோடு வந்தார். அட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு. நூலில் கட்டிய பேனா ஒன்று அதிலிருந்து தொங்கியது. பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒன்பது பக்கம் எழுதியிருந்தார். "எட்டு வருசம் கழிச்சு ஜூன்லயே தண்ணி விட்டாங்களே, அந்தக் குறுவைக்கு நகைய வச்சது" என்று ஒரு வரி. "வைகாசியிலயே தண்ணி வந்த வருசம், நகை திரும்ப வந்துச்சு, ஆனா எங்கிட்ட வரல" என்று ஒரு வரி. "தண்ணி பாதியில நின்ன வருசம், கடைக்கு அண்ணிகிட்ட பணம் வாங்கினாரு." "தண்ணி லேட்டா வந்த வருசம் ஆடிப்பெருக்கு, அதுலேருந்து வீட்டுல சாப்பிடல."

டெல்டாவில் பிறந்தவளுக்கு இதைவிடத் துல்லியமான நாட்குறிப்பு வேண்டாம். மேட்டூரில் ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். தண்ணீர் இல்லாமல் எட்டு வருஷம் அந்தத் தேதி தவறிப்போய், 2020-ல்தான் ஜூன் 12 அன்றே திறந்தார்கள். 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள், அது வைகாசி. 2023-ல் ஜூன் 12-ல் திறந்தும் பாதியில் தண்ணீர் இல்லாமல் குறுவை காய்ந்தது. 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் வருஷத்தைக் குறித்துக்கொண்டே போனேன்.

நகை விஷயம் இது. 2020 குறுவைக்காகத் தன் முகப்பு வைத்த செயின், இரண்டு வளையல், ஆக நாலரைச் சவரனைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். கணவர் பேரில் கூட்டுறவுச் சங்கத்தில் பழைய பாக்கி இருந்ததால், அதே வீட்டில் இருந்த பெரிய நாத்தனார் (கணவரின் அக்கா, நோட்டில் 'அண்ணி') பேரில் அடகு வைத்தார்கள். நாத்தனாருக்குத் தனி ரேஷன் கார்டு. 2021 செப்டம்பரில், கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து சவரன் வரை வைத்த நகைக்கடன் தள்ளுபடி என்று சட்டசபையில் அறிவிப்பு வந்தது. மறு வருஷம் நகை கைக்கு வந்தது. ரசீது யார் பேரிலோ அவர் கைக்கு. "என் பேர்ல இருந்த கடன், என் பேருக்குத் தள்ளுபடி. அப்ப நகை யாருது?" என்பது நாத்தனாரின் கேள்வி. செயின் அவர் மகளின் கழுத்துக்குப் போய்விட்டது.

அன்று ஆரம்பித்த சண்டையில் நாத்தனார் கோபித்துக்கொண்டு குடவாசல் பக்கம் மகள் ஊருக்கே தனி வீடு பார்த்துப் போய்விட்டார். போனவர் சும்மா இருக்கவில்லை. தன் தம்பிக்கும், அதாவது கணவருக்கும், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் மாறி மாறிக் குரல் பதிவு. அதில் ஒன்றை நான் மூன்று முறை கேட்டேன். "அவளுக்குக் கணக்குக் கேக்குற புத்தி. அவகூட இருந்தா நீ ஒருநாள் தெருவுக்குத்தான் வருவ. பிள்ளைங்கள நான் பாத்துக்கிறேன், நீ இங்க வந்துடு." 2023-ல் பயிர் போன பிறகு கடைக்கு முதல் போட்டதும் அந்த அக்காதான். பணத்தோடு சேர்ந்து பேச்சும் வந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு நோட்டை மூடப்போனவள் தற்செயலாக முன்பக்கத்தைத் திருப்பினேன். பால் கணக்கு. காலை 6, மாலை 4, சொசைட்டி 9, வீடு 1. பக்கம் பக்கமாக அதே வரிசை. சில நாள் சொசைட்டிக்கு எட்டு, சில நாள் ஒன்பதரை. வீட்டுக்கு எடுத்தது மட்டும் மாறவே இல்லை, ஒன்றுதான். 2024 ஆகஸ்ட் 3-ல் ஒன்றரை. பக்கத்தில் 'ஆடி 18' என்று எழுதியிருந்தது. மறுநாள் அரை. அதற்கடுத்த நாள் அரை. அதிலிருந்து நோட்டு முடிகிறவரை அரைதான்.

"இது என்னம்மா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். அந்த வருஷம் மேட்டூர் நிரம்பி, ஆறு கரையைத் தொட்டு ஓடியது. பாயசத்துக்குக் கூடப் பால் எடுத்து வைத்து, கலந்த சாதம் கட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு ஆற்றுக்குப் போனார். கணவர் வருவதாகச் சொல்லியிருந்தார், வரவில்லை. தாலிக்கயிற்றை மாமியார் உறவில் ஒரு பெரியம்மா கட்டிவிட்டார். சாயங்காலம் கணவர் தன் அக்கா வீட்டிலிருந்து போன் செய்து, இனி சாப்பாடு இங்கேதான் என்றாராம். காலையில் ஒன்று, கடைக்குக் கிளம்பும்போது ஒன்று, சாயங்காலம் இரண்டு என்று காபி குடிக்கிற மனுஷர். மறுநாள் காலை அரை லிட்டர் மிச்சமாகிவிட்டது. அதையும் சேர்த்துச் சொசைட்டிக்கே ஊற்றிவிட்டார்.

"கடையில அந்தப் பொண்ணு எப்ப வேலைக்குச் சேந்துச்சு?"

"தை மாசம்."

"எந்தத் தை?"

அவர் பதில் சொல்வதற்கு முன்பே தம்பிக்குப் புரிந்துவிட்டது. 2025 தை. கணவர் வீட்டுச் சாப்பாட்டை விட்டு ஐந்து மாசத்துக்குப் பிறகு.

"நீங்க அவ பக்கமா?"

வழக்கின் கழுத்தே இந்த இடத்தில்தான். மூன்றாம் நபரால்தான் பிரிவு வந்தது என்று காட்ட வேண்டும். இங்கே பிரிவு முதலில் வந்து, அந்தப் பெண் பிறகு வந்திருக்கிறார். தை மாசத்துக்குப் பிறகு கணவருக்கும் அவருக்கும் நடுவில் ஏதாவது இருந்ததா என்றால், இருந்திருக்கலாம். பங்குனியில் இரண்டு பேரையும் சுவாமிமலையில் பார்த்ததாக ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆனால் ஏற்கெனவே வீட்டை விட்டு விலகிவிட்ட ஒருவரோடு பழகுவது வேறு, ஒரு வீட்டைப் பிரிப்பது வேறு. நம் கையில் இருக்கும் நல்ல ஆதாரமே நமக்கு எதிரான ஆதாரம். அந்த நோட்டை மறைத்துவிட்டுப் பிராது தாக்கல் செய்ய என்னால் முடியாது. மறைத்தாலும், ஆடியிலிருந்து தம்பி என் வீட்டில்தான் சாப்பிட்டான் என்று நாத்தனார் கூண்டில் ஏறிச் சொன்னால் முடிந்தது.

இதை அவரிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அவ நல்லவளா? நீங்க அவ பக்கமா வக்கீலம்மா?" என்று கேட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு வாரம் வரவில்லை.

நடுவில் அவருடைய தம்பி மட்டும் வந்தார். இரண்டு யோசனை வைத்திருந்தார். போன் கம்பெனியில் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான், மச்சானின் கால் லிஸ்ட் முழுக்க எடுத்துத் தருவான் என்பது ஒன்று. வேண்டாம் என்றேன். 2024-ல் நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. மனைவிக்குத் தெரியாமல் அவருடைய அழைப்பு விவரங்களை எடுத்து வந்த கணவருக்கு, இது அந்தரங்க உரிமையை மீறி வந்த சாட்சியம், ஏற்க முடியாது என்று திருப்பியனுப்பியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், கணவன் மனைவி விவாகரத்து வழக்கில் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சை ஏற்கலாம் என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பு நிற்பது, கணவனும் மனைவியும் எதிரெதிராக நடத்தும் வழக்கு என்ற விதிவிலக்கின் மேல். மூன்றாம் நபர்மீது போடும் வழக்குக்கும் அது அப்படியே பொருந்துமா என்பதை என் கட்சிக்காரரை வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்கு மனமில்லை. கம்பெனிப் பையனுக்கு வேலை போகும், இவர்கள்மேல் குற்ற வழக்கும் வரலாம்.

இன்னொன்று தொகை. இருபத்தைந்து லட்சம் கேட்க வேண்டும் என்றார். ஏன் இருபத்தைந்து என்று கேட்டேன். "ஒரு தொகை சொல்லணும்ல மேடம்." அந்தத் தொகைக்குத் தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் மூன்று சதவீதம், எழுபத்தைந்தாயிரம். 2017-க்கு முன்னால் என்றால் ஏழரை சதவீதம். எழுபத்தைந்தாயிரத்தைக் கட்டின பிறகு, இந்தப் பிராதுக்கு வழக்கு மூலமே, அதாவது வழக்குப் போடச் சட்டப்படியான காரணமே இல்லை, தள்ளுபடி செய்யுங்கள் என்று எதிர்த்தரப்பு முதல் மனு போடும். டெல்லியில் அது நிற்கவில்லை, இங்கே நின்றுவிடலாம். கட்டணத்தோடு போகாது. அந்தக் கணக்குப் பெண்ணின் பெயர் கோர்ட் வாசல் பலகையில் ஒட்டுகிற பட்டியலில் வரும், யாரும் போனில் தேடிப் பார்க்கும்படி இணையத்திலும் கிடக்கும். அவருக்குக் கல்யாணமாகவில்லை. நோட்டு சொல்கிற தேதிகளைப் பார்த்த பிறகு அந்தப் பெயரை எழுத என் கை வரவில்லை. என் கட்சிக்காரருக்காக மட்டும்தான் நான் பேச வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். பொய்யாகிப்போகும் என்று தெரிந்த குற்றச்சாட்டை ஒருவர்மேல் எழுதுவது கட்சிக்காரருக்கும் நல்லதில்லை என்பது முப்பது வருஷத்தில் நான் பார்த்தது.

இதே வழக்கை வேறு நோக்கத்தோடு கேட்டு வருகிற ஆண்களையும் நான் பார்த்துவிட்டேன். மனைவி வேலை செய்யும் இடத்தில் கூட வேலை பார்ப்பவரோடு போனில் பேசுகிறார், அவன்மேல் போட முடியுமா என்று ஒருவர் கேட்டார். அவருக்கு நஷ்டஈடு தேவையில்லை, மனைவி வேலையை விட வேண்டும். இந்த வகை வழக்கு நம் கோர்ட்டுகளில் பழகிப்போனால் முதலில் இப்படித்தான் பயன்படும் என்ற பயம் எனக்கு உண்டு. பெண்ணின் பேச்சு, பழக்கம் எல்லாம் சாட்சியமாகக் கூண்டில் ஏறும்.

என் சீனியர் இப்போது கோர்ட்டுக்குப் போவதில்லை, பூம்புகார் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறார். சந்தேகம் வந்தால் அவரிடம் போவேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார். "கண்ணகி மாதவி மேலயா வழக்குச் சொல்லப் போனா? சிலம்பைக் கையில எடுத்துக்கிட்டுத்தானே போனா. நகை ரசீது இருக்கா பாரு."

நகை ரசீது

ரசீது இருந்தது. கல்யாணத்துக்கு அவர் அப்பா நகை வாங்கின கடை பில், மஞ்சள் பூத்துப்போய். கல்யாண போட்டோவில் அதே முகப்புச் செயின், முகப்பில் இருக்கிற மயில்வரை தெரிகிறது. 2020-ல் அடகு வைத்தபோது சங்கத்தில் எழுதின எடையும் இந்த பில்லின் எடையும் ஒத்துப்போயின. இது சீதனம், வேறு யாருடையதும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அவரே திரும்பி வந்தார். கோபம் ஆறியிருக்கவில்லை, ஆனால் நகை என்றதும் உட்கார்ந்தார். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12-ஆம் பிரிவு மனு போடலாம் என்றேன். கோர்ட் கட்டணம் கிடையாது. சீதனத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவு கேட்கலாம், பிள்ளைகளுக்கும் அவருக்கும் மாதாந்திரத் தொகை கேட்கலாம், மனசு பட்ட பாட்டுக்கு இழப்பீடும் 22-ஆம் பிரிவில் கேட்கலாம். நாத்தனாரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க முடியும். இப்போது தனி வீட்டில் இருந்தாலும் 2022 வரை ஒரே கூரையின் கீழ் இருந்தவர். எப்போதாவது சேர்ந்து வாழ்ந்திருந்தாலே அந்தச் சட்டத்துக்குப் போதும். எதிர்மனுதாரர் 'வயது வந்த ஆண்'தான் என்றிருந்ததையும் 2016-ல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. கடைக் கணக்குப் பெண்ணை இதில் சேர்க்க முடியாது. அவர் என்றைக்கும் அந்த வீட்டு உறவில் இல்லை.

நாத்தனார்மேலேயே அன்பைப் பிரித்த வழக்கை ஏன் போடவில்லை என்று என் ஜூனியர் கேட்டார். நல்ல கேள்வி. எண்ணம் இருக்கிறது, காரியம் இருக்கிறது, குரல் பதிவு இருக்கிறது, தேதியும் ஒத்துப்போகிறது. டெல்லி உத்தரவு சொன்ன அளவுகோலுக்குக் கணக்குப் பெண்ணைவிட அவர்தான் பொருத்தம். ஆனால் அக்கா தம்பிக்குப் புத்தி சொன்னேன் என்று சொன்னால், அது நல்லெண்ணத்தில் சொன்னது இல்லை என்று நாம் காட்ட வேண்டும். இந்த வகை வழக்கு பழகிப்போன நாடுகளிலேயே பெற்றவர்கள், கூடப்பிறந்தவர்கள் சொன்ன புத்திமதியைக் கோர்ட் தாராளமாக மன்னிக்கும். கையில் இருக்கிற நேரான பாதையை விட்டு அதில் இறங்க வேண்டாம் என்று தோன்றியது. அதே குரல் பதிவை, மன ரீதியான கொடுமை என்று 12-ஆம் பிரிவு மனுவிலேயே சேர்த்தேன், மின்னணுப் பதிவுக்கு வேண்டிய சான்றிதழோடு.

பால் கணக்கையும் சேர்த்தோம். ஒழுங்காகத் தினமும் எழுதி வந்த கணக்குப் புத்தகம் சாட்சியத்தில் வரும், ஆனால் அது மட்டும் போதாது. சொசைட்டியின் பதிவேட்டில் ஆகஸ்ட் 4-லிருந்து அரை லிட்டர் கூடியிருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி.

மூன்றாவது வாய்தாவில் சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். நாத்தனார் மகளோடு வந்திருந்தார். நகைக் கடை பில்லையும் கல்யாண போட்டோவையும் மேசையில் வைத்தபோது முதலில் அவர் பார்க்கவே இல்லை. மகள்தான் எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அத்தை, இது உங்களுதுன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிக் கழுத்திலிருந்த செயினை அங்கேயே கழற்றினாள். என் கட்சிக்காரர் வாங்கிக்கொள்ளவில்லை. கை நடுங்கியது. அந்தப் பெண்ணே எழுந்து வந்து அவர் மடியில் வைத்தாள். வளையலை உருக்கிவிட்டார்கள். அதன் எடைக்கு அன்றைய விலையை இரண்டு தவணையில் கொடுப்பதாக எழுதிக் கையெழுத்தானது. முதல் தவணை வந்துவிட்டது.

கணவர் மேல் உள்ள பகுதி இன்னும் நடக்கிறது. இடைக்காலமாக மாதாமாதம் ஒரு தொகை கட்ட உத்தரவாகியிருக்கிறது, கட்டுகிறார். கடை மாடியிலேயே இருக்கிறார். அந்தக் கணக்குப் பெண் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். என் கட்சிக்காரர் இப்போதும் அவரை "அவ" என்றுதான் சொல்கிறார். டெல்லி வழக்கு என்னாச்சு என்று வரும்போதெல்லாம் கேட்கிறார். காலவரையறைச் சட்டத்தில் தனியாகச் சொல்லாத வழக்குகளுக்கு மூன்று வருஷம், சில தீங்கு வழக்குகளுக்கு ஒரே வருஷம். இது எதில் விழும் என்ற கேள்வி வந்தால் குறைந்த கெடுவை வைத்துத்தான் நடக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதவை அவருக்காக நான் சாத்திவிட்டேன் என்று பின்னால் அவர் நினைக்கக்கூடாது.

இந்த வழக்கை நான் போடவே மாட்டேன் என்றில்லை. கணவன் மனைவி ஒன்றாகக் கடன் வாங்கி வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஊருக்குப் போன டிக்கெட், பிள்ளை பிறந்தநாள் போட்டோ எல்லாம் இருக்கிறது, அந்த நேரத்தில் மூன்றாம் நபர் உள்ளே வந்து, அவளை விட்டு வா என்று வற்புறுத்தின செய்திகள் எழுத்தில் கிடக்கின்றன, வீட்டுப் பணம் அவர் கணக்குக்குப் போன தடயமும் இருக்கிறது. இப்படி ஒருவர் வந்தால், டெல்லி உத்தரவை எடுத்துக்கொண்டு தஞ்சாவூரில் தாக்கல் செய்து, தோற்றால் மதுரைவரை போவேன். அப்படி ஒரு நோட்டு இன்னும் என் மேசைக்கு வரவில்லை.

பால் நோட்டு என் பீரோவில்தான் இருக்கிறது, விசாரணையில் அசலைக் காட்ட வேண்டும். போன வாய்தாவுக்கு வந்தபோது கூடைப்பையில் புது நோட்டு இருந்தது, நூலில் கட்டிய பேனாவோடு. ஒரு மாடு கன்று போட்டிருக்கிறதாம். பிரித்துக் காட்டினார். காலை 8, மாலை 5. சொசைட்டி பன்னிரண்டேகால். வீடு முக்கால்.

"பெரியவன் காபி கேக்குறான்" என்றார்.